அளவு பிசகிய உலகம்: ‘அல்ட்ரா க்யூ’வின் தோற்றுவாய் குறித்து

‘அல்ட்ரா க்யூ’ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் பிறந்த வரலாறு ஆய்வுலகில் ஒரு திசைமாற்றத்தின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. ‘அன்பேலன்ஸ்’ என்ற பெயரில், அமெரிக்காவின் ‘ட்வைலைட் சோன்’ வழியில் ஒரு மர்மத் தொடரைத்தான் சுபுராயா நிறுவனம் எடுக்கத் தொடங்கியது; கைஜூ எனப்படும் ராட்சத உயிர்களைப் பிற்பாடு கேட்டு வாங்கியது டிபிஎஸ் தொலைக்காட்சி; சந்தைக்காகக் கலை வளைந்துகொடுத்தது. இந்த வாசிப்பின் சாரம் இதுதான். இதில் பாதி உண்மை. மறுபாதி, முதலில் எடுக்கப்பட்ட அத்தியாயத்தை நிதானமாகப் பார்க்காததால் விளைந்தது.

அந்த அத்தியாயம் ‘மாமத் ஃப்ளவர்’. 1966 ஜனவரி 23 அன்று நான்காவதாக ஒளிபரப்பானாலும், தொடரின் படப்பிடிப்பு 1964 செப்டம்பரில் இதைக்கொண்டே தொடங்கியது. டோக்கியோ நகரம் ஒலிம்பிக்குக்காகத் துடைத்து மெருகேற்றப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எழுத்தாளர் கின்ஜோ தெத்சுவோவும் இயக்குநர் கஜிதா கோஜியும் எழுதிய கதையில், அரண்மனை அகழியின் நீரில் ஒரு பெருத்த வேர் தென்படுகிறது. நகர நடுவே அலுவலகக் கட்டடம் ஒன்று அதிர்கிறது. தரை வெடித்து வேர்கள் நெளிந்து வருகின்றன. ஆளைச் சுற்றி வளைத்து இரத்தம் உறிஞ்சுகின்றன. பிறகு கட்டடத்தைப் பிளந்துகொண்டு ஒரு பூ மலர்கிறது. அந்தக் காட்சியில் அழகும் அச்சமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. சாதாரணச் செடிக்கு உரிய வேர், தண்டு, இதழ் எல்லாம் இருக்கின்றன. பிசகியது ஒன்றே ஒன்றுதான்: அளவு.

‘அன்பேலன்ஸ்’ என்ற சொல்லை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சமநிலை குலைவதை மனக்கலக்கமாக மட்டும் பொருள்கொண்டவர்களுக்குக் கைஜூ வெளியிலிருந்து வந்த விருந்தாளியாகத் தெரிகிறது. ஆனால் தொடக்ககாலப் படப்பிடிப்பைச் சேர்ந்த ‘உருமாற்றம்’ அத்தியாயத்தில் ஒரு மனிதனே ராட்சதனாகிறான். ‘கோரோவும் கோரோவும்’ கதையில் ஒரு குரங்கு மலையளவு வளர்கிறது. ஒரு செடி, ஒரு மனிதன், ஒரு குரங்கு: மூன்றிலும் இயற்கையின் சமநிலை உடலின் அளவில்தான் முறிகிறது. இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

கருவியும் இதற்கே சாட்சி சொல்கிறது. நிறுவனர் சுபுராயா எய்ஜி அமெரிக்காவில் வாங்கத் துணிந்த ஆக்ஸ்பெரி ஆப்டிகல் பிரிண்டர், வேறு தொலைக்காட்சிக்கான ‘வூ’ திட்டம் கைவிடப்பட்ட பின் டிபிஎஸ்ஸின் கைக்கு வந்தது. அதற்குக் கொட்டிய பணத்தை ஈடுகட்டும் நெருக்கடி நிலையத்துக்கு இருந்ததை மறுக்கவேண்டியதில்லை. அந்த இயந்திரம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. தனித்தனியே எடுத்த படச்சுருள்களை ஒரே சட்டகத்தில் பொருத்தும். ஓடும் மனிதனையும் அவன் தலைக்குமேல் எழும் பேருருவையும் அருகருகே நிறுத்தும். அளவுகளை மோதவிடவே பிறந்ததுபோன்ற ஒரு கருவி அது.

மறுதரப்பு வழக்கமாக முன்வைக்கும் சான்று ‘திறந்துவிடு!’ அத்தியாயம். வேறொரு பரிமாணத்துக்கு ஓடும் ரயில், கதவைத் திறக்கச் சொல்லிக் கதறும் மனிதன். கைஜூவே இல்லை. முதல் ஒளிபரப்பில் விடுபட்ட இது 1967 டிசம்பர் 14 அன்றுதான் திரைக்கு வந்தது. அருமையான படைப்புதான். ஆனால் ஒதுக்கப்பட்டது என்பதாலேயே அதுதான் மூல நோக்கம் என்றாகிவிடாது. முதலில் எடுக்கப்பட்டதும் அதுவல்ல. ‘ட்வைலைட் சோன்’ தாக்கம் என்ற வாதம் நீண்ட பதிலைக் கோரவில்லை: அதே காலத்து அமெரிக்க ‘அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரிலேயே விசித்திர உயிர்கள் நிறைந்திருந்தன.

டிபிஎஸ் தயாரிப்பாளர் ககோய் தகாஷி கைஜூவை முன்னுக்குக் கொண்டுவந்தது பதிவான செய்தி. 1966 ஜனவரி 2 அன்று தொடரைத் திறந்துவைத்த கோமெஸ் என்ற கைஜூ, காட்ஸில்லா உடையைத் திருத்தி அமைத்த உருவம்தான். ககோய் செய்ததைத் தேர்வும் அழுத்தமும் என்று சொல்லலாம். விதை அவர் போட்டதல்ல.

இந்த வாசிப்பு சரியானால், 1966 ஜூலை 17 அன்று தொடங்கிய ‘அல்ட்ராமேன்’ தொடரையும் வேறுவிதமாகப் பார்க்க நேரும். அதன் நாயகன் ஹயதா என்ற மனிதன் 40 மீட்டர் உயரத்துக்கு எழும்போது, ‘உருமாற்றம்’ அத்தியாயத்தில் ஊரே அஞ்சி ஓடிய அந்த ராட்சத உடலை இப்போது குழந்தைகள் கைதட்டி வரவேற்கிறார்கள்.