உப்பில் ஊறிய செர்ரிப் பூ

கோப்பையில் வெந்நீர். அதில் உப்பில் ஊறவைத்த ஒரு செர்ரிப் பூ. சூடு பட்டதும் சுருங்கிக் கிடந்த இதழ்கள் மெல்ல விரிகின்றன. மேஜைக்கு இந்தப் பக்கம் நீளக் கை கிமோனோவில் பெண், அந்தப் பக்கம் கோட்டு சூட்டில் பையன். இருவரும் பூவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறெங்கே பார்ப்பது?

ஜப்பானில் கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் வழக்கமான பச்சைத் தேநீரைத் தவிர்ப்பார்கள். ‘தேநீரைக் கலக்குவது’ என்றால் அவர்கள் பேச்சில் மழுப்புவது என்று அர்த்தம். கல்யாண விஷயத்தில் மழுப்பல் ஆகுமா? அதனால்தான் பூ போட்ட வெந்நீர். நம்மூர் சொஜ்ஜி பஜ்ஜிக்கு இப்படியொரு காரணம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சந்திப்புக்கு ‘ஓமியாய்’ என்று பெயர். ஒருவரை ஒருவர் பார்ப்பது என்பது பொருள். நாம் ‘பெண் பார்க்கப் போகிறோம்’ என்கிறோம். அவர்களுடைய சொல்லிலாவது பார்வை இரண்டு பக்கமும் போகிறது. நடுவில் இருப்பவர் ‘நகோதோ’. கமிஷன் வாங்கும் தரகர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் இரு வீட்டுக்கும் வேண்டிய, மரியாதைப்பட்ட ஒரு மூத்த தம்பதி. படிப்பு, வேலை, உடன்பிறந்தார் விவரமெல்லாம் எழுதிய தாளும் ஸ்டுடியோவில் எடுத்த படமும் முதலில் இவர்கள் வழியாகத்தான் கைமாறும். நேரில் பார்க்கும் நாளில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ‘இனி சின்னவர்கள் பேசிக்கொள்ளட்டும்’ என்று எழுந்துகொள்வார்கள். பையனும் பெண்ணும் தோட்டத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார்கள்.

ஏதோ ஆதிகாலத்திலிருந்து ஜப்பான் முழுக்க இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹெய்யான் காலப் பிரபுக்கள் வீட்டில் கதையே வேறு. ஆண் இரவில் பெண்ணின் வீட்டுக்கு வருவான், விடியுமுன் போய்விடுவான், போனதும் ஒரு கவிதை எழுதி அனுப்புவான். மூன்று இரவு தொடர்ந்து வந்தால் மோச்சி என்ற அரிசிப் பண்டம் தின்னக் கொடுப்பார்கள், கல்யாணம் முடிந்தது! நம் அகத்திணையின் இரவுக்குறி நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே தோழி என்றால் இங்கே பெண்ணின் பணிப்பெண்கள். கடிதம் சுமந்ததும், ஆளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். கிராமங்களிலும் இளைஞர்கள் இரவில் பெண்ணைத் தேடிப் போகும் வழக்கம் பல இடங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. பெரியவர்கள் பார்த்து முடிப்பது சாமுராய் வீடுகளின் பழக்கம்.

அதை எல்லோர் தலையிலும் சுமத்தியது மெய்ஜி அரசு. 1898-இன் குடும்பச் சட்டப்படி ஆணுக்கு 30 வயது வரை, பெண்ணுக்கு 25 வயது வரை பெற்றோர் சம்மதம் கட்டாயம். வீட்டுத் தலைவரின் சம்மதமோ எந்த வயதிலும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மேற்கத்தியக் காதலைக் குறிக்க ‘ரென்னாய்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் இதே மெய்ஜி காலத்தில்தான். காதலை வாழ்க்கையின் திறவுகோல் என்று 1892-இல் கட்டுரை எழுதிப் பரபரப்பு உண்டாக்கினார் கவிஞர் கிதமுரா தோகொகு. இரண்டே ஆண்டில், 25 வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

சட்டம் மாறியது போருக்குப் பிறகு. அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை 1946 பிப்ரவரியில் புதிய அரசியல் சட்டத்தை அவசர அவசரமாக எழுதியபோது, பெண்களைப் பற்றிய பகுதி பியாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண்ணிடம் வந்தது. டோக்கியோவில் வளர்ந்தவர். முகம் பார்க்காமலே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களின் கதைகளைச் சிறுவயதிலேயே கேட்டவர். திருமணத்துக்கு இருவரின் சம்மதம் மட்டுமே போதும் என்று இன்றும் சொல்லும் 24-ஆம் பிரிவு அவர் எழுதிய வரைவிலிருந்து பிறந்தது.

சட்டம் வந்துவிட்டால் மனசு மாறிவிடுமா? அதற்கு ஒரு டென்னிஸ் பந்து தேவைப்பட்டது. 1957 ஆகஸ்டில் கருயிசாவா மலைவாசத் தலத்தில் நடந்த இரட்டையர் ஆட்டத்தில் பட்டத்து இளவரசர் அகிஹிதோ தோற்றுப்போனார். எதிர்ப்பக்கம் ஆடியவர் மிச்சிகோ ஷோதா, மாவு மில் நிறுவனத் தலைவரின் மகள். மறு ஆண்டு நிச்சயம். 1959 ஏப்ரல் 10 அன்று கல்யாணம். ஊர்வலத்தைப் பார்க்கவென்றே ஜனங்கள் டி.வி. வாங்கினார்கள். ஓராண்டுக்கு முன் 10 லட்சமாக இருந்த என்.எச்.கே. தொலைக்காட்சிச் சந்தாதாரர்கள் கல்யாணத்துக்குள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பத்திரிகைகள் இதை ‘டென்னிஸ் காதல்’ என்று கொண்டாட, இது நீங்கள் சொல்கிற காதல் அல்ல என்று அரண்மனைத் தரப்பு நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்பேன். இளவரசர் தொலைபேசியில் பேசிப் பேசித்தான் பெண்ணைச் சம்மதிக்க வைத்தார். அவருடைய ஆசான் கொய்சுமி ஷின்சோவும் பெண் வீட்டாரிடம் தூது நடந்தார்.

1930-களில் பத்துக்கு ஏழு கல்யாணம் ஓமியாய். 1960-களின் கடைசியில் காதல் கல்யாணம் அதை முந்தியது. ஆனால் அந்தக் காதலர்கள் சந்தித்தது எங்கே? பலர் ஆபீஸில். எழுத்தர் வேலைக்கு வரும் இளம் பெண்கள் கல்யாணமானதும் வேலையை விட்டுவிடுவார்கள் என்று கம்பெனியே எதிர்பார்த்த காலம் அது. தாமாகவே விரும்பியவர்கள்கூட மேலதிகாரியையும் அவர் மனைவியையும் நகோதோவாக மேடையில் உட்காரவைத்தார்கள். ஊர்ப் பெரியவரின் நாற்காலியில் செக்‌ஷன் தலைவர்!

1990-களில் பொருளாதாரம் சரிந்தது. நிரந்தர வேலை குறைந்தது, அந்த நாற்காலியும் காலியானது. 2020 கணக்கெடுப்பில் ஆண்களில் 28 சதவீதம், பெண்களில் 18 சதவீதம் பேர் 50 வயது வரை மணமே செய்துகொள்ளாதவர்கள். வேலை தேடுவதுபோலத் துணை தேடுவதற்கு ‘கொன்கட்சு’ என்று 2007-இல் ஒரு சொல்லே பிறந்துவிட்டது.

2024 செப்டம்பரில் டோக்கியோ மாநகர அரசே ஒரு செயலியைத் தொடங்கியது. சேர வேண்டுமானால் மணமாகாதவர் என்பதற்குச் சான்று, வருமானத்துக்கு ஆவணம், பிறகு ஒரு நேர்காணல். இரண்டு ஆண்டுக் கட்டணம் 11,000 யென். பூ போட்ட வெந்நீர் கிடையாது.

(தொடரும்)