பதுளைத் தோட்டத்துத் தப்பு: சுருதியும் உரப்பும்

1. கருதுகோள்

பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களில் பெரட்டுக்கு (காலை வேலைப் பகிர்வுக்கு) ஆள் கூட்டவும், காமன் கூத்திலும், சாவு வீட்டிலும் முழங்கிய கருவி தப்பு. அடிக்குமுன் அதை நெருப்பில் காய்ச்சுவார்கள். காய்ச்சினால் சுருதி ஏறும் என்பது எல்லோரும் அறிந்ததே. உரப்பும் அதனாலேயே கூடுகிறது என்பது என் வாதம்.

2. தோல்

வட்டத் தோலின் மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாகவும் விட்டத்துக்கு நேர்மாறாகவும் அமையும். நமுனுகுல மலையின் பனிமூட்டத்தில் மாட்டுத்தோல் ஈரம் குடித்தால் இழுவை தளரும், பாரமும் கூடும். இரண்டுமே சுருதியை இறக்கும். நெருப்பு ஈரத்தை விரட்டித் தோலை இறுக்குகிறது. ஆனால் ஒரு ஸ்தாயி ஏற இழுவை 4 மடங்காக வேண்டும். தோலை அவ்வளவு வாட்ட யார் துணிவார்?

தப்பின் மேற்றொனிகள் அடிப்படை மீடிறனின் 1.59, 2.14, 2.30 மடங்குகளையொட்டி வருபவை, முழு எண் மடங்குகள் அல்ல. மிருதங்கத் தோலில் அப்பிய கரும்பூச்சான கரணை இக்குறையைத் தீர்ப்பதை 1920இல் சி. வி. ராமன் எடுத்துக்காட்டினார். தப்புக்குக் கரணை இல்லை. அதனால் அதன் ஒலிக்கு ஸ்வரப் பெயர் சொல்ல முடியாது. ஏறியதா இறங்கியதா என்று மட்டும் சொல்லலாம். தப்புக்கு அது போதும்.

3. கை

ஓங்கி அடித்தால் வீச்சம் பெருகும், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். வீச்சம் இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். காதுக்கு இருமடங்கு உரப்பாகப் பட ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது 10 மடங்கு சக்தி. கைப்பலத்தை மட்டும் நம்பினால் தோள்பட்டைதான் கழன்றுபோகும்.

4. செவி

ஒரே அழுத்தமுள்ள ஒலிகளில் தாழ்ந்த சுருதி மெலிதாகவே கேட்கும் என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். செவி மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை. ஒலி மெலிய மெலிய இந்த வேறுபாடு பெருகும். எனவே தொலைவிலுள்ள லயத்துக்குத்தான் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்குத்தான்) காய்ச்சிய தப்பால் ஆதாயம் அதிகம்: அதே அடி, ஆனால் ஆற்றல் செவி கூர்ந்து கேட்கும் பக்கமாக நகர்ந்திருக்கிறது.

5. மலை

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும், மீடிறன் மாறாது. என் வாதத்துக்கு ஒரு தடையும் உண்டு. உயர் மீடிறன்களைக் காற்று கூடுதலாக விழுங்குவதால், தூரம் போகப்போகத் தப்படிக்கும் மெல்லிய குச்சியின் ஓசைக் கூர்மை மங்கி அடியின் கனமே மிஞ்சும்.

காற்றின் வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. காற்றடங்கிய விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் படிந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். உச்சிவெயிலில் நிலம் சுட, ஒலி மேல்நோக்கி வளையும். விடியலில் மறுகரை லயத்தை எழுப்பிய அதே அடி நண்பகலில் அங்கே எட்டாமலே போகலாம்.