பைத்தியசாலையை விட்டு நீங்கிய நோய்



மனநோயும் பாலியல் நோயும் நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாதவை. ஒன்றை விதி என்பர். மற்றையதை வினை என்பர். இவ்விரண்டும் ஒரே நோயாய் ஓர் உடலிற் குடிகொண்ட வரலாறு ஒன்றுண்டு. கிரந்தி என்று நம் முன்னோரும் சிபிலிஸ் என்று ஆங்கில வைத்தியரும் அழைத்த பிணி, மூளையைத் தாக்கி மனிதரைப் பித்தராக்கிய வரலாறே அது. அந்நோய் எவ்வாறு இனங்காணப்பட்டது, எவ்வாறு தீர்க்கப்பட்டது, தீர்க்கும் வழி தெரிந்த பின்னரும் எவ்வாறு சிலருக்கு மறுக்கப்பட்டது என்பனவற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

இந்நோய்க்குத் தம் பெயரைக் கொடுக்க எந்நாட்டவரும் இசையவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பாவிற் பரவியபோது இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி வைத்திய நூல் அதனைப் பிரங்க ரோகம், அதாவது பறங்கியர் நோய் என்று குறித்தது. அயலான்மேற் பழியைப் போட்டதனால் நோய் தீரவில்லை. அது மறைந்து வாழ இடங்கிடைத்தது.

1822 ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரின் அருகேயுள்ள சாரந்தோன் பைத்தியசாலையிற் பணிபுரிந்த அந்துவான் பெயில் என்னும் இளம் வைத்தியர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அங்கிருந்த நோயாளரிற் சிலர் முதலிலே தம்மை மன்னரென்றும் கோடீசுவரரென்றும் எண்ணிப் பெருமிதங் கொள்வர். பின்னர் அவர்தம் நாக்குழறும், கை நடுங்கும், கால் தள்ளாடும். ஈற்றில் அறிவும் உடலும் ஒருங்கே செயலிழந்து மாண்டுபோவர். சித்தப்பிரமை வேறு, வாதம் வேறு என்று பிறர் எண்ணியிருக்க, இவை ஒரே நோயின் இருமுகங்கள் என்றும், மூளையை மூடிய சவ்வின் அழற்சியே இதன் மூலம் என்றும் பெயில் கூறினார். பித்துக்கு உடலிலே ஒரு காரணத்தைக் காட்டிய முதல் முயற்சிகளுள் இது ஒன்றாகும்.

ஆயினும் அந்த அழற்சி எதனால் வந்தது? 1857 இல் எஸ்மார்க், யெஸ்ஸன் என்னும் இருவர், சிபிலிசே காரணமாகலாம் என்றனர். ஏற்றவர் சிலரே. குடி, ஒழுக்கக்கேடு, பரம்பரைக் குறை, மிகையான உழைப்பு என்று ஆளுக்கொரு காரணம் கூறினர். இதில் வியப்பில்லை. தொற்றுண்டவனின் புண் சில வாரங்களில் ஆறிவிடும். மூளை கெடுவதோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்து. அதற்குள் அவன் மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று, ஊரில் மதிப்புள்ள மனிதனாயிருப்பான். இளமையில் வந்த புண்ணை அவனே மறந்திருப்பான், அல்லது மறைத்திருப்பான். நாணத்தினால் நோயாளி சொல்லாது விட்டதனை இரத்தத்தைக் கொண்டு அறியும் வரை வைத்தியருக்கு வழி புலப்படவில்லை.

அவ்வழி திறந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1905 இல் பேர்லினிலே சௌடின், ஹொப்மன் ஆகிய இருவரும் இந்நோயின் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். மறுவருடமே வாசர்மன் என்பார் தம் துணைவருடன் இரத்தப் பரிசோதனை முறையொன்றை வகுத்தார். 1913 இல் நொகுச்சி என்னும் யப்பானிய அறிஞரும் மூர் என்பவரும் நியூயோர்க்கிலே, இந்நோயால் மாண்ட 70 பேரின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றுட் சிலவற்றில் அக்கிருமியையே கண்டனர். தொண்ணூறு ஆண்டு வழக்கு அத்துடன் தீர்ந்தது.

காரணந் தெரிந்தது, மருந்து? ஏர்லிக் என்பவரும் ஹாட்டா என்பவரும் கண்ட சல்வர்சான் என்னும் பாஷாண மருந்து 1910 இல் விற்பனைக்கு வந்து, ஆரம்ப நோய்க்குப் பயன்பட்டதாயினும், மூளைக்குட் புகுந்த நோயை அசைக்கவில்லை.

1917 என்றதும் நம் மாணவர் ருஷ்யப் புரட்சி என்று ஒப்புவிப்பர். அதே ஆண்டிலே வியன்னா நகரில் நடந்ததனைப் பாடநூல்கள் கூறுவதில்லை. அங்கே வாக்னர் யௌரெக் என்னும் மனநோய் வைத்தியர், கடுஞ்சுரம் வந்து தணிந்த பின் சில பித்தர் தெளிவு பெறுவதை நெடுங்காலம் கவனித்து வந்தார். மசிடோனியப் போர்முனையிலிருந்து மலேரியாவோடு வந்த போர்வீரன் ஒருவனின் இரத்தத்தை எடுத்து, நம்பிக்கையிழந்த ஒன்பது நோயாளருக்குச் செலுத்தினார். சுரம் பலமுறை ஏறியிறங்க விட்டு, பின் கொயினா கொடுத்து அதனை நிறுத்தினார். அவர்களில் அறுவர் தேறினர். அவருட் சிலருக்கு நோய் பின்னர் திரும்பியது. சிகிச்சையினாலே இறந்தோரும் உண்டு. ஆயினும் சாவொன்றே முடிவாயிருந்த பிணியில் ஒருவன் எழுந்து வீடு சென்றான் என்பதே அக்காலத்திற் பெருஞ்செய்தி. 1927 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் மனநோய் வைத்தியர் அவரே.

இதனை இலங்கையர் கேட்கும்போது மனம் ஒருகணம் திடுக்கிடும். ஐரோப்பிய வைத்தியசாலைகளில் மலேரியாவை மருந்தாய் ஏற்றிக்கொண்டிருந்த 1934, 1935 ஆம் ஆண்டுகளில், கேகாலை, குருநாகல் பகுதிகளிலே அதே மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. நம் நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இலேயாகும்.

மலேரியாச் சிகிச்சையைத் தேவையற்றதாக்கியது பெனிசிலின். 1943 இல் அமெரிக்க வைத்தியர் மஹோனி என்பாரும் அவர் துணைவரும் நான்கு சிபிலிஸ் நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பயன்கண்டனர். அதன்பின், பைத்தியசாலைகளின் கட்டில்களிற் கணிசமான பங்கை ஒரு நூற்றாண்டாய் நிரப்பிய அந்நோயாளரைக் காண்பது அரிதாயிற்று.

இத்துடன் கதை இனிதே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மேக்கன் என்னும் பகுதியில், 1932 முதல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையினர் 399 கறுப்பின ஏழை ஆடவரை, நோயின் போக்கை அறிவதற்கென்று, சிகிச்சையின்றியே பார்த்துவந்தனர். ஒப்பிடுவதற்கென நோயற்ற 201 பேரையும் சேர்த்துக்கொண்டனர். உமது இரத்தம் கெட்டிருக்கிறது என்பதற்குமேல் அந்நோயாளருக்கு எதுவுஞ் சொல்லப்படவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரெடுத்த சோதனையைக்கூட விசேட சிகிச்சை என்றே கூறினர். பெனிசிலின் எங்குங் கிடைத்த காலத்திலும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1972 இல் பத்திரிகையில் வெளிவந்த பின்னரே இது நின்றது. அரசின் சார்பில் ஜனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கேட்டது 1997 இல். நோயை அறியும் கருவியும் தீர்க்கும் மருந்தும் ஒரே வைத்தியரின் கையிலிருந்தன. முன்னதை மட்டும் அவர் பயன்படுத்தினார் என்பதை நினைக்குந்தோறும், அறியாமையால் மாண்ட சாரந்தோன் நோயாளரைவிட இம்மனிதருக்கு நேர்ந்ததே கொடிது என்று தோன்றுகின்றது.

கண்டறியும் பரிசோதனையைச் சட்டத்தினால் திணித்தோரும் உண்டு. 1935 இல் கனெக்டிகட் மாநிலம் மணமக்கள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிற்று. வேறு மாநிலங்களும் பின்பற்றின. காலப்போக்கில் அச்சட்டங்கள் நீங்கின. ஒருவர்மேல் ஐயங்கொண்டு செய்யும் சோதனையினும், எல்லோருக்கும் பொதுவாய்ச் செய்யும் சோதனையை மக்கள் மனக்கூச்சமின்றி ஏற்பர் என்பது என் எண்ணம். நம் நாட்டின் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் அத்தகையது. அதிபரின் மனைவியும் தோட்டத் தொழிலாளியும் அங்கே ஒரே வாங்கிலமர்ந்து, ஒரே விதமாய்க் கைநீட்டி இரத்தங் கொடுக்கின்றனர். யாரையும் தனியே சுட்டாத அவ்வழக்கத்தின் பயனாய், தாயிடமிருந்து சேய்க்கு இந்நோயும் எச்.ஐ.வி. தொற்றும் பரவுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது.

அவ்விரத்தத்திலே நோயின் அறிகுறி தோன்றினும் உடனே தீர்ப்புக் கூறுவதில்லை. வாசர்மன் காலந்தொட்டே அறிந்த உண்மை ஒன்றுண்டு: மலேரியா, குட்டம் முதலிய பிற நோய்கள் உடையோரிடத்தும் இத்தகைய பரிசோதனை பொய்யாய் நோயைக் காட்டுவதுண்டு. ஆதலின் வேறுவகைச் சோதனையொன்றினால் உறுதிசெய்வர். உறுதியானபின் பெனிசிலின் ஊசி. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னரேனும் அது போடப்படல் வேண்டும். ஆகவேதான் கர்ப்பந்தரித்த முதன்மாதங்களிலேயே வரும்படி தாய்மாரை அழைக்கின்றனர். கணவரும் வந்து சோதித்து, வேண்டுமாயின் அவரும் ஊசி பெறல் வேண்டும். அன்றேல் குணமடைந்த மனைவிக்கு நோய் மீண்டுந் தொற்றிவிடும்.