காயமுற்ற குழந்தையும் காத்திருப்பும்

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது முன்னோர் வாக்கு. தாயின் மடியில் அது மெய். வைத்தியசாலையின் வாயிலிலோ அவ்வாக்கு இருவகையாற் பொய்த்துப்போவதுண்டு. உரக்க அழும் பிள்ளையைக் காட்டிலும், அழுவதற்கும் வலுவின்றிச் சோர்ந்து கிடக்கும் பிள்ளையே பேராபத்தில் இருக்கக்கூடும், இது ஒன்று. அழுகின்ற பிள்ளையின் வேதனையையும், 'பிள்ளை என்றால் அழத்தானே செய்யும்' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் மற்றொன்று. இவ்விரு பிழைகளையும் உணர்ந்து திருத்திக்கொள்ள மருத்துவ உலகத்திற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் சென்றன. காயமுற்ற குழந்தை எவ்வளவு நேரம் காத்திருந்தது, அந்நேரத்தில் அதன் வலிக்கு என்ன செய்யப்பட்டது என்னும் இரு வினாக்களே அவ்வரலாற்றின் சாரம்.

அவ்வினாக்களை எழுப்புவதற்குத் திருகோணமலைத் துறைமுகச் சூழலைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று கிடைத்தலரிது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்பெற்ற அந்நீர்ப்பரப்பு, மரக்கலங்களுக்குப் புகலிடமாயிற்று. கரையிலே வாழ்ந்த மக்களுக்கோ தடையாயிற்று. நகரமும் பெரிய வைத்தியசாலையும் ஒரு கரையில். கிண்ணியாவும் மூதூரும் அவற்றுக்கப்பாலுள்ள சிற்றூர்களும் மறு கரையில். இடையிலே கொட்டியாரக் குடா, அக்குடாவில் வந்து கலக்கும் மகாவலியின் கிளைகள், கழிகள், உப்பாறுகள். மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த சிறுவனுக்கும், அடுப்படியில் கொதிநீர் கவிழ்ந்து வெந்த சிறுமிக்கும் முதற் காத்திருப்பு வைத்தியசாலையிலன்று, தோணித்துறையிலேயே தொடங்கியது.

கிண்ணியாவில் மக்கள் நீரைக் கடந்தது 'பாதை' என்று அவர்கள் வழங்கும் மிதவையினால். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் நிற்பவர் காத்திருக்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கிண்ணியாவின் வைத்தியசாலையே கடலுக்கு இரையாயிற்று. காயமுற்றோரை ஏற்கவேண்டிய இடமே காயமுற்ற அந்நாளில், நகருக்குச் செல்லப் பாலமும் இருந்ததில்லை. ஐந்தாண்டுகள் கழிந்து, 2009 ஒக்டோபர் 20 இல், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. மட்டக்களப்பு வீதியிலிருந்த ஏனைய பாதைத்துறைகளுக்கும் பின்னர்ப் பாலங்கள் அமைந்தன. ஊரார் அப்பாலங்களை வணிகத்திற்கும் போக்குவரத்திற்கும் உரியனவாகவே எண்ணியிருக்கலாம். உண்மையில் அவை மருத்துவ சாதனங்களுமாகும். ஒரு மணி நேர வேதனையைச் சில நிமிடங்களாகக் குறைக்கும் எதனையும் மருந்து என்று கூறினால் தவறன்று.

எனினும் அக்கதை அங்கே முற்றுப்பெறவில்லை. 2021 நவம்பர் 23 இல், கிண்ணியாப் பிரதேசத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலத்தின் நிர்மாண வேலை நிறைவுறாதிருந்த வேளை, மக்களை ஏற்றிச்சென்ற பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலம் முடிவதற்காகக் காத்திருந்த காலத்திற்கு அவ்வூர் கொடுத்த விலை அது.

இக்காலத்திலே வேறு தடைகளும் படிப்படியாக நீங்கின. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை 1951 முதல் இலங்கை மக்களுக்குக் கிடைத்தது. கையிற் காசில்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் துன்பம் அதனால் ஒழிந்தது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய '1990 சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை, 2019 அளவில் கிழக்கு உட்பட ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்தது. தொலைபேசியில் நான்கு இலக்கங்களை அழுத்தினால் கட்டணமின்றி வண்டி வரும். இவ்வாறு நீரும் காசும் தொலைவும் இட்ட தடைகள் தளர்ந்தன. எஞ்சியிருப்பது வாயிலைக் கடந்த பின்னர் வரும் காத்திருப்பு.

அக்காத்திருப்பு எந்த நாட்டிலும் முற்றாக ஒழிந்ததில்லை. செல்வம் மிக்க நாடுகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பிள்ளைகளுடன் பெற்றோர் மணிக்கணக்காக இருப்பதுண்டு. நோயாளர் பலர், மருத்துவர் சிலர் என்னும் நிலை உள்ளவரை வரிசை இருந்தே தீரும். ஆதலால் வரிசை வேண்டுமா வேண்டாமா என்பது வினாவன்று. அவ்வரிசையை எந்த நீதி ஆள்வது என்பதே வினா.

இதற்கு முதல் விடை போர்க்களத்திலிருந்து வந்தது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராயிருந்த டொமினிக் லாரே என்பவர், வீரனின் பதவியையும் குலத்தையும் பாராது, காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சையளிக்கும் ஒழுங்கை வற்புறுத்தினார். தளபதியின் சிறு கீறலுக்கு முன்னே சிப்பாயின் சிதைந்த காலைக் கவனித்தல் அக்காலத்துக்குப் புதுமை. முந்தி வந்தவனுக்கு முந்திச் சிகிச்சை என்னும் சந்தை நீதிக்குப் பதிலாக, அதிக ஆபத்திலிருப்பவனுக்கு முந்திச் சிகிச்சை என்னும் மருத்துவ நீதி வேரூன்றத் தொடங்கியது அவ்வாறே.

அந்நீதி குழந்தைகளுக்கென வகுக்கப்பட நெடுங்காலம் சென்றது. உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட பயிற்சி நூலொன்று, வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகளை மூவகையாகப் பிரிக்கக் கற்பிக்கின்றது. மூச்சுத் திணறல், அதிர்ச்சி, மயக்கம், வலிப்பு முதலிய குறிகள் உடையோர் உடனே சிகிச்சை பெறவேண்டியவர். அடுத்த வகையினர் வரிசையின் முன்னே செல்லவேண்டியவர். ஏனையோர் தம் முறைக்குக் காத்திருக்கலாம். இவற்றுள் இரண்டாம் வகைக்குரிய குறிகளாக அந்நூல் காட்டுவனவற்றுள் காயம், தீப்புண், கடும் வலி ஆகிய மூன்றும் உண்டு. வலி என்பது பொறுத்துக்கொள்ளவேண்டியதொன்றன்று, முன்னே அழைத்துச் செல்வதற்குரிய காரணம் என்று எழுத்திலே பொறிக்கப்பட்டமை சிறிய செய்தியன்று. வாயிற் காவலர், பதிவெழுதுவோர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோருக்கும் அபாயக் குறிகளை அறியும் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் அந்நூல் கூறுகின்றது. ஏனெனில் பிள்ளையை முதலிற் காணும் கண்கள் பெரும்பாலும் அவர்களுடையனவே.

இது வறிய நாட்டில் நடவாத காரியம் என்று எண்ணுவோருக்கு ஆப்பிரிக்காவின் மலாவி நாடு விடையளிக்கும். அந்நாட்டின் பிளான்டயர் நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் குழந்தைகளுக்கான வரவேற்புப் பகுதியைச் சீரமைத்து, வந்தவுடன் வகைபிரிக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினர். முன்னர் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டு வரை இருந்த குழந்தை மரணம், நூற்றுக்கு ஆறு முதல் எட்டு என்னும் அளவிற்குக் குறைந்ததென 2006 இல் அறிக்கை வெளிவந்தது. இம்மாற்றத்தைக் கொணர்ந்தது விலையுயர்ந்த இயந்திரமன்று, வாயிலிலே விழித்திருந்த ஒழுங்கு.

வரிசையின் கதை இவ்வாறிருக்க, வலியின் கதையை நோக்குவோம். 1846 ஒக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மோர்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொண்டு வலியறியாத அறுவைச் சிகிச்சையை உலகறியக் காட்டினார். மறு ஆண்டிலே எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைப் புகுத்தினார். அதே 1847 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்த அவரது முயற்சியில், அறுவை மருத்துவ நூலொன்று 'இரண வைத்தியம்' என்னும் பெயருடன் 1867 இல் தமிழில் வெளிவந்தது. காயத்தைப் பற்றித் தமிழிலே பேசவும் கற்கவும் முடியும் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

அறுவை மேசையிலே வலி வெல்லப்பட்ட போதிலும், அறைக்கு வெளியே காத்திருந்த பிள்ளையின் வலி வெல்லப்படவில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று. சிசுக்களின் நரம்புகள் முதிராதவை, ஆதலால் அவை வலியை முழுமையாக உணர்வதில்லை என்ற நம்பிக்கை முதலாவது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும், பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கியின்றியே அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டு. இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்ட் சென்ற மருத்துவர் ஆனந்த் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைத் தகர்த்தது. வலுவான வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையை நன்கு தாங்கிற்று; பெறாதவற்றுக்கே பின்விளைவுகள் மிகுந்தன.

வலியை அடக்கினால் நோயின் குறி மறைந்துவிடும் என்ற அச்சம் இரண்டாவது. ஆங்கில அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், வயிற்று நோயின் காரணத்தைத் துணியுமுன் மோர்பீன் கொடுத்தலை எச்சரித்தது. அன்றிருந்த கருவிகளுக்கு அவ்வெச்சரிக்கை பொருந்தியிருக்கலாம். பின்வந்த ஆய்வுகளோ, முறையாக அளக்கப்பட்ட வலிநீக்கியினால் நோயறிதல் கெடுவதில்லை என்றே கண்டன. பிள்ளைக்கு மருந்தின் அளவு தவறிவிடுமோ என்ற தயக்கம் மூன்றாவது. இவற்றின் விளைவை 1990 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. எலும்பு முறிவு, தீப்புண் முதலியவற்றோடு வந்த பெரியவருட் பாதிக்கு மேற்பட்டோர் வலிநீக்கி பெற்றனர். சிறுவரிலோ மூன்றில் ஒரு பங்கினரும் பெற்றிலர்.

இன்று இம்மூன்று தயக்கங்களுக்கும் மறுமொழி உண்டு. பேசத் தெரியாத வலியைப் பேசவைக்க, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்களை வரைந்த அட்டை 1980களில் உருவாயிற்று. பிள்ளை தன் விரலால் ஒரு முகத்தைத் தொட்டால் வலியின் அளவு தெரியும். மருந்தளவை வயதைக் கொண்டு ஊகியாது, பிள்ளையின் நிறையைக் கொண்டு கணிக்கின்றனர். பரசிற்றமோல் ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. கடும் முறிவுகளுக்கு, ஊசி குத்தாமல் மூக்கினுள்ளே தெளிக்கும் பென்ரனில் என்னும் மருந்து, நாளத்தில் ஏற்றும் மோர்பீனுக்கு நிகராக வலியைத் தணிக்கும் என 2007 இல் அவுஸ்திரேலிய ஆய்வு கண்டது. அது வைத்தியசாலையிலே மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும் கொடுக்கத்தக்கது.

மருந்தில்லாத உதவிகளும் உள. முறிந்த கையை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுதல் தானே ஒரு வலிநீக்கி. நம் முறிவு வைத்தியர்கள் பன்னெடுங் காலமாக அறிந்திருந்த உண்மை இது. தீப்புண்ணை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடித்தல் வலியைத் தணித்துப் புண் ஆழ்வதையும் தடுக்கும். தாயைப் பிள்ளையின் அருகிலிருக்க விடுதலும் இத்தகையதே. இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, மருத்துவர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தாதி ஒருவர் வாயிலிலேயே தொடங்கிவிடலாம்.

காத்திருப்பும் வலியும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். எலும்பைப் பொருத்தும் மருத்துவருக்காகப் பிள்ளை இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரலாம். வலிநீக்கிக்காக அது இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டிய நியாயம் எதுவுமில்லை. வரிசையைக் குறைக்கக் கட்டடமும் பணமும் ஆட்களும் வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளையின் வலியைக் குறைக்க முதற்கண் வேண்டியது, அதன் வலியை நம்புதல்.

கொட்டியாரக் குடாவின் நீரைக் கடக்கப் பாலங்கள் எழுந்துவிட்டன. வைத்தியசாலையின் வாசற்படிக்கும் மருத்துவரின் மேசைக்கும் இடையே இன்னும் ஒரு சிறு நீர்ப்பரப்பு உள்ளது. அதன் கரையிலே பிள்ளையை மடியிலேந்தி ஒரு தாய் அமர்ந்திருக்கின்றாள். அழுத பிள்ளைக்கும், அழ முடியாத பிள்ளைக்கும், ஒருங்கே கைநீட்டும் பாலம் அங்கேதான் அமையவேண்டும்.