மாவட்ட நூலக ஆணைக்குழு

தமிழ்நாட்டில் பொது நூலகங்களை நிறுவி நடத்தும் சட்டபூர்வ அமைப்பு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதை உள்ளூர் நூலக ஆணைக்குழு என்ற பெயரில் தோற்றுவித்தது. சென்னை மாநகருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்பது ஏற்பாடு. கிளை நூலகத்துக்கு எந்தக் கட்டடம், எத்தனை ஊழியர், எந்தப் பத்திரிகை, ஆண்டுக்கு எவ்வளவு செலவு, வாசகருக்கு என்ன விதி என்பவை எல்லாம் இதன் பொறுப்பில் வருகின்றன. சொத்து வரி ரசீதில் தனி வரியாக இடம்பெறும் நூலக வரி இந்த ஆணைக்குழுவுக்கு உரிய பணம்.  ஆனால் அந்த வரியை வசூலிப்பது உள்ளாட்சி மன்றம். செலவுக்கு ஒப்புதல் தருவது பொது நூலக இயக்குநர். இந்த இருவருக்கும் நடுவே ஆணைக்குழு எவ்வளவு சுயமாக முடிவெடுக்க முடிந்தது என்பதே இதன் வரலாறு.

முன்னோடிகள்

சென்னையில் கன்னிமாரா பொது நூலகத்துக்கு 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1896 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. மாகாணத் தலைநகரில் பெரிய நூலகம் ஒன்று எழுந்தபோதும், வெளியூர்களில் படிப்பகம் என்பது அவ்வூர்ச் செல்வர்களின் மனத்தையும் சங்கங்களின் ஆயுளையும் பொறுத்தே இருந்தது. கொடையாளர் மறைந்தால் அலமாரிக்குப் பூட்டு விழும். நிலையான வருவாயும் நிலையான பொறுப்பாளரும் இல்லாததுதான் குறை.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார்கள். 1850ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட நகரங்கள் நூலகத்துக்காக வரி போடலாம் என்றது. பவுனுக்கு அரைப் பென்னி உச்சவரம்பு. வரி செலுத்துவோரில் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து ஒப்ப வேண்டும். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் அமர்த்தலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! புத்தகங்கள் நன்கொடையாக வந்துவிடும் என்று நாடாளுமன்றம் நம்பியது. ஐந்தே ஆண்டுகளில், 1855இல், வரம்பை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள். அந்த ஒரு பென்னி வரம்பு 1919 வரை நீடித்தது. ஊர் வரி, ஊர் மன்றம், ஊர் நூலகம் என்ற இணைப்பு இப்படித்தான் உருவானது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன் இந்த முறையை நேரில் கண்டார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே அவருக்குக் கற்பித்த பெர்விக் சேயர்ஸ் கிராய்டன் நகரின் பொது நூலகர். தொழிலாளர், இல்லத்தரசியர், குழந்தைகள் என எல்லாரும் உள்ளே வந்துபோகும் நூலகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு, பல்கலைக்கழக நூலகத்தோடு நிற்க மனம் வரவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல், நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் பற்றிய நூலை அச்சங்கமே வெளியிட்டது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி வட்டம் மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். புத்தகத்தைத் தேடி வாசகர் வராவிட்டால் வாசகரைத் தேடிப் புத்தகம் போகட்டும் என்ற எண்ணம், சட்டத்துக்கு முன்பே வண்டியேறிவிட்டது.

சட்டம் பிறந்த கதை

1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் அரங்கநாதன் ஒரு மாதிரி நூலக மசோதாவை முன்வைத்தார். அதன் வழியில் அமைந்த மசோதா ஒன்றை 1933இல் பஷீர் அகமது சையது சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அரசு பணம் தந்தே ஆகவேண்டும் என்ற பிரிவுகள் அன்றைய ஆட்சிக்கு உவக்கவில்லை. அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. அப்படிக் குறைத்தும் மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அரசின் கருவூலத்தை நம்ப முடியாத நிலையில் நூலகத்துக்குத் தனி வரி என்ற கருத்து உறுதிப்பட்டதற்கு இந்த அனுபவமே அடிப்படை என்று கொள்ள இடமுண்டு.

1946இல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரானதும் காரியம் நடந்தது. காந்திய வழியில் கல்விப்பணி செய்த அவர் அரங்கநாதனிடம் வரைவு கேட்டுப் பெற்றார். 1948இல் சட்டம் நிறைவேறி, 1950 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கோல்காப்பூர் சமஸ்தானம் 1945இலேயே ஒரு நூலகச் சட்டம் இயற்றியிருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதலாவது. கன்னிமாரா மாநில மைய நூலகமானது. சட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் அரங்கநாதன் அப்போது சென்னையில் இல்லை; காசிக்குச் சென்று, பிறகு தில்லியில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

அமைப்பும் அதிகாரமும்

சட்டம் மூன்று அடுக்குகளை வைத்தது. மேலே, அரசுக்கு ஆலோசனை சொல்லும் மாநில நூலகக் குழு. நடுவில், எல்லா ஆணைக்குழுக்களையும் மேற்பார்வையிடும் இயக்குநர். கீழே ஆணைக்குழு. முதல் அடுக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறிவுரை சொல்லும் குழு என்பதால் அதன் பயன், கேட்கிற அமைச்சரைப் பொறுத்ததாகவே இருந்தது.

ஆணைக்குழுவின் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அரசு நியமிப்பவர்கள். மற்றவர்கள் நகராட்சி முதலான உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தனுப்புவோர். மாவட்ட நூலக அலுவலரே பதவிவழிச் செயலாளர். ஆணைக்குழு சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள்: சொந்த முத்திரை உண்டு, சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம், உறுப்பினர் மாறினாலும் அமைப்பு தொடரும். நூலகக் கட்டடங்களும் அலமாரிகளும் புத்தகங்களும் அதன் பெயரில்தான் இருக்கின்றன.

அதன் முதல் கடமை, தன் பகுதியில் எங்கெங்கே நூலகம் வேண்டும், எப்படிச் சேவையைப் பரப்புவது என்று ஒரு திட்டம் வகுத்து இயக்குநரின் ஒப்புதலுக்கு அனுப்புவது. பிறகு இடமும் கட்டடமும் தேடலாம், ஊழியரை அமர்த்தலாம், புத்தகமும் இதழும் வாங்கலாம். சட்டத்தின் பட்டியலில் வரைபடங்களோடு மாயவிளக்குப் படத்தகடுகளும் திரைப்படச் சுருள்களும் இருக்கின்றன. சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யவும் இடம் தரப்பட்டிருக்கிறது. எழுத்தறியாதவரும் நூலகத்துக்கு வரவேண்டும் என்ற அக்கறை 1948இன் சட்டமொழியிலேயே இருந்ததை இது காட்டுகிறது. வாசகர் சேர்க்கை, காப்புத்தொகை, தாமதக் கட்டணம், புத்தகத்தைச் சேதப்படுத்துவோர் மீதான நடவடிக்கை ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு.

வரம்புகளும் உண்டு. ஒரு நூலகத்தை மூடவோ இடம் மாற்றவோ அரசின் முன் அனுமதி வேண்டும். நிலமோ கட்டடமோ நன்கொடையாக வந்தாலும் அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது. மூடுவதற்கு இருக்கும் தடை நல்ல தடை. ஒரு தலைமுறை திறந்த நூலகத்தை அடுத்துவரும் குழு தன் விருப்பப்படி பூட்டிவிடாமல் அது பாதுகாத்து வந்திருக்கிறது. நன்கொடைக்கான அனுமதி, வில்லங்கச் சொத்து வந்து சேராமல் தடுக்கும். அதே சமயம் ஊர்க்காரர் மனமுவந்து எழுதிக் கொடுக்கும் மனை கோப்பில் காத்திருக்கவும் அதுவே காரணமாகிறது. இன்றும் பல கிளைகள் வாடகைக் கட்டடத்திலோ, வாடகையின்றிக் கிடைத்த கட்டடத்திலோ இயங்குகின்றன.

நூலக வரி

தொடக்கத்தில் வீட்டு வரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி. படிப்படியாக உயர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. வசூலாகும் நூலக வரிக்குக் குறையாத தொகையை ஆண்டுதோறும் அரசும் தரவேண்டும் என்று சட்டம் சொன்னது. சென்னை மாநகருக்கு இது பொருந்தாது. 1933இல் வெட்டப்பட்ட அரசின் கடப்பாடு ஓரளவுக்கு இப்படித் திரும்பி வந்தது.

இந்த வரியின் நுட்பம், அது வேறொரு வரியின் மேல் தொற்றி நிற்பது. தனி வசூல் செலவு இல்லை. சொத்து வரி உயர்ந்தால் நூலகத்துக்கும் பங்கு தானாகவே உயரும். ஆனால் சொத்து வரி பல்லாண்டு திருத்தப்படாமல் கிடந்தால் நூலக வரியும் தேங்கும், விலைவாசி தேங்குவதில்லை. கட்டடங்கள் நெருங்கிய மாவட்டத்துக்கு வளமான நிதி, சிற்றூர்கள் நிறைந்த மாவட்டத்துக்கு மெலிந்த நிதி என்ற ஏற்றத்தாழ்வும் இதிலேயே அடங்கியிருக்கிறது. நூலகம் மிகவும் தேவைப்படும் ஊரே மிகக் குறைவாக வரி தரும் ஊராக இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், வசூலான பணம் வந்து சேர்வது. மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் வரியை வாங்கி ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நெருக்கடியில் இருக்கும் உள்ளாட்சி மன்றம் அதைத் தன் அவசரச் செலவுக்குத் திருப்பிவிடுவதும், நிலுவை கோடிக்கணக்கில் ஏறுவதும் நெடுநாள் வழக்கமாகிவிட்டன. உள்ளாட்சி நிதித் தணிக்கை நிலுவையைச் சுட்டிக்காட்டும், கடிதங்கள் போகும். வீட்டுக்காரர் நூலகத்துக்கென்றே கொடுத்த பணம் அது. வேறு எதற்காகவும் அதைத் தொட எவருக்கும் உரிமை இல்லை என்பதை இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புகிறது. ஆணைக்குழு ஆண்டுத் தொடக்கத்தில் போடும் வரவு செலவுத் திட்டத்தில் வரவுப் பக்கம் எதிர்பார்ப்பாகவே நிற்பதால், சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் போக மிச்சத்தில் புத்தகம் என்ற நிலை பல மாவட்டங்களில் ஏற்பட்டது.

இதன் பக்கத்தில் சிறிய ஊற்றுகளும் உண்டு. ஆயிரம் ரூபாய் செலுத்துபவர் புரவலர். அதற்கு மேல் தருவோர் பெரும்புரவலர், கொடையாளர். கிளை தோறும் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. சுறுசுறுப்பான வாசகர் வட்டம் உள்ள ஊரில் நாற்காலியும் மின்விசிறியும் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை.

வளர்ச்சி

முதல் இருபது ஆண்டுகளில் பொதுக்கல்வி இயக்குநரே நூலக இயக்குநராகவும் இருந்தார். அரங்கநாதனுக்கு இந்த ஏற்பாட்டில் மனநிறைவு இல்லை. நூலகத் தொழில் அறிந்தவர் தலைமையில் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனாலும் அப்பதவியில் நெ. து. சுந்தரவடிவேலு இருந்த காலத்தில் பள்ளிகளோடு கிளை நூலகங்களும் வேகமாகப் பெருகின. 1972இல் நூலகங்களுக்குத் தனித்துறை அமைந்து, சின்னமனூர்க்காரரான வே. தில்லைநாயகம் இயக்குநரானார். நூலகவியல் பயின்ற ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம், நடமாடும் நூலகம் என்று விரிந்த வலையில் இன்று நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் வழக்கம், வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்துச் செய்த நல்ல முடிவு. மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் கூட்டமே இப்போது பெரும்பகுதி. ஊர்ப்புற நூலகர்கள் மட்டும் சிறப்புக் காலமுறை ஊதியத்திலேயே நீண்டகாலம் வைக்கப்பட்டிருப்பது, வலையின் கடைசி முடிச்சைத் தாங்குபவர்களுக்குச் செய்யும் அநீதி.

வலை விரிந்தபோதே அதிகாரம் மேல்நோக்கி நகர்ந்தது. தெளிவாகத் தெரியும் இடம், நூல் கொள்முதல். சட்டப்படி புத்தகம் வாங்குவது ஆணைக்குழுவின் வேலை. நடைமுறையில் மாநில அளவிலான தேர்வுக் குழு தலைப்புகளை முடிவு செய்ய, அச்சுப் பாரத்துக்கு (ஃபார்ம்) இவ்வளவு என்று விலை நிர்ணயமாகி, மாவட்டங்கள் தம் நூலக வரி நிதியிலிருந்து பணம் கொடுத்தன. பதிப்பாளர்கள் நூலக ஆணை என்று சொல்வது இதைத்தான். ஒரு தலைப்பில் ஆயிரம் படிகள் வாங்கப்பட்ட காலங்களில் தமிழ்ப் பதிப்புலகம் நிமிர்ந்து நின்றது. ஆணை வராத ஆண்டுகளில் சிறு பதிப்பகங்கள் தள்ளாடின. கவிதையும் ஆய்வு நூலும் அச்சேறுவதற்கு நூலக ஆணை பெருந்துணை செய்திருக்கிறது. ஆனால் நாகப்பட்டினத்து மீனவர் குடியிருப்புக்கும் நீலகிரித் தோட்டத்துக்கும் ஒரே பட்டியல் போவது சரியல்ல. அந்தந்த நூலகரின், வாசகரின் குரல் தேர்வில் கேட்கவேண்டும். 2024இல் அறிவிக்கப்பட்ட வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை விண்ணப்பத்தையும் தேர்வையும் இணையவழிக்குக் கொண்டுவந்தது.

குழுவே இல்லாத காலங்களும் நேர்ந்தன. உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து புதியவர் நியமனம் ஆகாதபோது தனி அலுவலர் ஒருவர் அனைத்து அதிகாரங்களையும் ஏற்று நடத்துவார். அன்றாட வேலை நிற்காது. ஆயினும், எங்கள் பகுதியில் கிளை வேண்டும், அந்தக் கூரை ஒழுகுகிறது என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் இருக்காது. தலைவர் பதவி ஆட்சி மாற்றத்தோடு கைமாறும் கட்சிப் பதவியாகப் பார்க்கப்பட்டதும் ஆணைக்குழுவின் மதிப்பைக் குறைத்தது.

பிற மாநிலங்களில்

சென்னை மாகாணம் பிரிந்தபோது சட்டமும் பிரிந்துசென்றது. ஆந்திரப் பகுதியில் நடைமுறையில் இருந்த இச்சட்டத்தையும் 1955ஆம் ஆண்டின் ஐதராபாத் சட்டத்தையும் இணைத்து 1960இல் ஆந்திரப் பிரதேசச் சட்டம் வந்தது. தென் கன்னடம் சேர்ந்த மைசூர் 1965இல் தனிச்சட்டம் இயற்றியது. மலபாரிலோ, மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்த பின்னும் சென்னைச் சட்டத்தின்படி அமைந்த ஆணைக்குழு நெடுங்காலம் நீடித்தது. 1989ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே வட்ட, மாவட்ட, மாநில நூலக மன்றங்களில் இடம் பெறுவோரை, இணைப்புப் பெற்ற ஊர் நூலகங்களே தேர்தல் வழியாக அனுப்புகின்றன. நூலக வரி ரூபாய்க்கு ஐந்து பைசாதான். அந்தப் பணத்திலிருந்து மன்றம் மானியம் வழங்க, நூலகத்தை நடத்துவது அந்தந்த ஊர் உறுப்பினர்கள் தேர்ந்த செயற்குழு.