காஹிராவின் முஹ்தஸிப்

முற்கால முஸ்லிம் நகரங்களில் ‘முஹ்தஸிப்’ என்னும் உயர் பதவி ஒன்று இருந்து வந்தது. எடைக்கற்களையும் அளவைகளையும் சோதிப்பது, ரொட்டியின் எடையையும் விலையையும் கவனிப்பது, கலப்படம் செய்வோரைத் தண்டிப்பது, தெருவழியை அடைத்துக் கடை பரப்புவோரை அகற்றுவது ஆகிய யாவும் அவருடைய பொறுப்பாகும். அளவையில் மோசம் செய்வோரைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிப்பதை அறிந்த சமுதாயம், கடைத்தெருவின் தராசை அறிஞர் ஒருவரின் கண்காணிப்பில் விட்டதில் வியப்பில்லை.

ஹிஜ்ரி 801-இல் (கி.பி. 1399) எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பர்கூக், காஹிராவின் முஹ்தஸிபாகத் தகியுத்தீன் அஹ்மத் அல்-மக்ரீஸீ அவர்களை நியமித்தார். 1364-இல் அந்நகரிலேயே பிறந்த அன்னார், வரலாற்று மேதை இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். எனினும் சில மாதங்களுக்குள் பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, பிற்காலத்தில் ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிப் புகழ்பெற்ற பத்ருத்தீன் அல்-ஐனீ அவர்களிடம் சென்றது. பின்னர் மக்ரீஸீ மீண்டும் அமர்த்தப்பட்டார், மீண்டும் நீக்கப்பட்டார்.

இதற்கிடையில் ஹிஜ்ரி 806-இல் (1403) நைல் நதியின் வெள்ளம் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை வாட்டின. விலைவாசி உயர்ந்தால் கடைக்காரரைக் குறை கூறுவது எக்காலத்திலும் எளிது. ஆனால், கடைத்தெருவை நேரில் கண்காணித்த மக்ரீஸீ அவர்களின் பார்வை அதோடு நிற்கவில்லை.

ஹிஜ்ரி 808-இல் (1405) ‘இகாஸத்துல் உம்மா’ என்னும் சிறு நூலை அவர் எழுதி முடித்தார. எகிப்தில் முன்னர் நேர்ந்த பஞ்சங்களை வரிசையாக எடுத்துக்காட்டி, இத்துன்பம் நீடிப்பதற்கு நதியை மட்டும் பழிப்பதில் பயனில்லை என்றார். அவர் கண்ட காரணங்கள் மூன்று. முதலாவது, ஆட்சிப் பதவிகளும் மார்க்கப் பதவிகளும் லஞ்சத்துக்கு விற்கப்பட்டமை. பணம் கொடுத்துப் பதவி பெற்றவர், அப்பணத்தைக் குடிமக்களிடமே வசூலித்தார். அவ்வாறு விலைபோன பதவிகளுள் அவர் வகித்த முஹ்தஸிப் பதவியும் ஒன்று! இரண்டாவது, நிலக் குத்தகை உயர்ந்து உழவர் நொடித்தமை. மூன்றாவது, பொன், வெள்ளி நாணயங்களின் இடத்தைச் செப்புக்காசுகள் பிடித்துக்கொண்டமை. பொன்னையும் வெள்ளியையும் மீண்டும் நாணயமாக்குவதே பரிகாரம் என்பது அவருடைய முடிவு.

பிறகு டமாஸ்கஸ் சென்று வக்பு நிர்வாகத்தையும் ஆசிரியப் பணியையும் மேற்கொண்டார். அங்கு காழி பதவி தேடி வந்தபோது ஏற்க மறுத்தார். காஹிரா திரும்பியபின் எழுத்திலேயே மூழ்கினார். அந்நகரின் தெருக்கள், சந்தைகள், பள்ளிவாசல்கள், மதரஸாக்கள் அனைத்தையும் விவரிக்கும் ‘கிதத்’ என்னும் பெருநூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு உற்ற துணையாக விளங்குகிறது. செழித்திருந்து பின்னர் நலிந்த சந்தைகளையும் அதில் அவர் பதிவு செய்திருக்கிறார். 1442-இல் அன்னார் மறைந்தார்.

அவர் பதவியில் இருந்த நாட்கள் மிகச் சில. எனினும் வணிகரின் தராசைச் சோதிக்க அனுப்பப்பட்டவர், இறுதியில் அரசின் தராசையே சோதித்துக் காட்டினார். அந்தச் சோதனைக்கு அஞ்சாத ஆட்சியில்தான் ஏழையின் ரொட்டி எடை குறையாதிருக்கும்.