பூக்கக் கூடாத பயிர்கள்

செட்டிகுளம் மலைக்கோயிலில் தண்டாயுதபாணி கையில் கரும்பு வைத்திருக்கிறார். ஊரைச் சுற்றி வயல்களில் விளைவது சின்ன வெங்காயம். இரண்டுமே பூத்தால் விவசாயிக்குப் பிடிக்காத பயிர்கள். ஒன்றைக் கரணை வெட்டி நடுகிறோம், இன்னொன்றைக் காயாகவே ஊன்றுகிறோம். விதையே தேவையில்லை, அப்புறம் பூ எதுக்கு?

வெறுப்புக்குக் காரணம் செடியின் நுனியில் இருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், நுனி ஒரு லூப். நிற்காமல் ஓடினால் பக்கவாட்டில் பூக்கள் வந்துகொண்டே இருக்கும். சரக்கொன்றையில் காம்பை ஒட்டிய பூ முதலில் மலர்வது அதனால்தான். பாடப்புத்தகம் இதை நுனிவளர் மஞ்சரி என்கிறது. நுனியே பூவாகிவிட்டால் லூப் முடிந்தது, கீழிருந்து புதுக் கிளைதான் தொடர வேண்டும். மல்லிகைக் கொத்தில் நடுப்பூ முந்துகிறதே, அது நுனிவளரா மஞ்சரி. கரும்பில் தண்டின் நுனி மொத்தமும் பூங்கதிராக மாறிவிடுகிறது. அதோடு தண்டின் வளர்ச்சி நின்றுபோகிறது, நாளானால் உள்ளே சக்கைதான்.

வெங்காயம் ஏமாற்றும். வெள்ளைப் பந்து மாதிரி ஒரே புள்ளியிலிருந்து எல்லாப் பூவும் கிளம்பியதாகத் தோன்றும். உண்மையில் அது பல நுனிவளராக் கொத்துகள் நெருக்கி அமுக்கப்பட்ட வடிவம். அதனால்தான் பூக்கள் வரிசையில்லாமல், வாரக்கணக்கில் மலர்கின்றன. மலரும் முன் மொத்தத்தையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும், தென்னம்பாளை போல.

பாளை என்ற சொல்லுக்கு வயது அதிகம். தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. பாளை, குலை இரண்டும் புல்லுக்குரிய சொற்கள். அரும்பும் நனையும் மரத்துக்குரியவை. செடி எப்படி வளர்கிறதோ அதற்கேற்ப பூங்கொத்தின் பெயரும் மாறுகிறது. ஒருவித்திலைத் தாவரங்களை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஃபார்வர்ட் செய்ய நான் தயாரில்லை. ஆனால் தண்டையும் கொத்தையும் சேர்த்தே பார்த்த கண் அது. எனக்கு அது போதும்.

வேண்டாத பூவைத் தேடிப் போகும் காலமும் வந்தது. கரணை நடுவது காப்பி-பேஸ்ட். மூலத்தில் உள்ள பலவீனம் எல்லாப் பிரதியிலும் வரும். புது ரகம் வேண்டுமானால் பூ வேண்டும். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோயம்புத்தூரில் தொடங்கியதற்கு முக்கியக் காரணம், அங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடித்ததுதான். பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்தார்கள். 1918-இல் வெளிவந்த கோ 205, வட இந்திய வயல்களில் பரவியது.

வெங்காயத்தின் முறை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. பட்டறையில் காத்துவைத்த காயில் பெரும்பங்கை மறுபடி மண்ணுக்கே கொடுக்க வேண்டும். ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் ஆகும். விலை ஏறிய வருஷத்தில் விற்பதா, விதைக்கு வைப்பதா என்று வீட்டுக்குள்ளேயே சண்டை. அழுகல் நோயும் அந்தக் காயோடு அடுத்த பட்டத்துக்குப் போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ (ஆன்) 5, தாராளமாகப் பூத்து விதை கொடுக்கிற சின்ன வெங்காயம். சில கிலோ விதையை நாற்றுவிட்டு நட்டால் போதும். பழைய கரும்பு ரகத்தின் பெயரில் இருக்கும் அதே ‘கோ’, கோயம்புத்தூர்.

விதைக்காக விட்ட பாத்தியில் வெள்ளைப் பந்துகள் நிற்கின்றன, தேனீ மொய்க்கிறது. ஒரே நாளில் அறுக்க முடியாது. கறுப்பு விதை தெரிகிற தலையை மட்டும் கிள்ளிவிட்டு, மற்றதற்கு இன்னும் சில நாள் கழித்து வருகிறார்கள்.